அப்பா எஸ்ஆர்ல (சர்வீஸ் ரெஜிஸ்டர், பணிப் பதிவேடு) நாமினி பேரு பாட்டி பேரா இருந்துச்சு... உங்க வீட்ல ஒருதடவை பாத்துடுங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு வீடியோ கவர்மென்ட் வேலைல இருக்கவங்க குடும்பத்துக்கு, முக்கியமா வீட்ல இருக்க அம்மாக்களுக்கும் பசங்களுக்கும்.

எங்கப்பா 2018ல சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டாரு. காரியம் முடிஞ்சு அம்மாவ கூட்டிட்டு அவரு ஆபீஸ் போறேன், கிளார்க் அண்ணன் எஸ்ஆர எடுத்து ஒரு பக்கத்த திருப்பி எங்க பக்கம் தள்ளி வைக்கிறாரு, மஞ்சளாயிப்போன தாளு, அப்பாவோட இங்க் பேனா கையெழுத்து, ஜிபிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு நாமினின்னு எங்க பாட்டி பேரு. கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தது. பாட்டி செத்தே பன்னெண்டு வருஷம் ஆச்சு. அப்பா மாத்தவே இல்ல, மறந்துட்டாரு அவ்ளோதான். அப்புறம் வாரிசு சான்றிதழ்னு தாலுகா ஆபீசுக்கும் விஏஓ கிட்டயும் அலைஞ்சது, அம்மா வெயில்ல பெஞ்சுல உக்காந்திருந்தது, அதெல்லாம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

சரி, எதெது வரும்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். தமிழ்நாட்டுல 2003 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேர்ந்தவங்க பழைய பென்ஷன். அவங்க இறந்தா மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம் உண்டு, சர்வீஸ்ல இருக்கும்போது போயிட்டா ஆரம்பத்துல சில வருஷம் கூடுதலா வரும், அப்புறம் கடைசி சம்பளத்துல 30 சதவீதம். அந்த தேதியிலிருந்து சேர்ந்தவங்க சிபிஎஸ்ல, அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துல போனாங்க, அடிப்படை சம்பளம் பிளஸ் அகவிலைப்படில 10 சதவீதம் பிடிச்சு அரசும் அதே அளவு போட்டுச்சு. ஆக ரெண்டு பேரும் ஒரே ரூம்ல பக்கத்து பக்கத்து டேபிள்ல உக்காந்து வேலை பாத்தாலும் கணக்கு வேற, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்ததே நமக்கும் வரும்னு நெனச்சிடாதீங்க.

அப்புறம் பே ஸ்லிப்ல எஃப்எஸ்எஃப்னு ஒரு பிடித்தம் இருக்கும் பாருங்க, குடும்ப பாதுகாப்பு நிதி. அப்பா இருந்தப்ப மாசம் 60 ரூபா, இறந்தா 3 லட்சம். இப்ப 110 ரூபா, 5 லட்சம். அப்படி ஒன்னு இருக்குன்னே அம்மாவுக்குத் தெரியாது, முப்பது வருஷம் அப்பா சம்பளத்துல குடும்பம் நடத்துனவங்க ஒருநாள் கூட அந்த ஸ்லிப்ப பாத்ததில்ல. அத நினைச்சாதான் எனக்கு இன்னும் ஆறல.

மருத்துவ காப்பீடு, 2021ல வந்த திட்டத்துல மாசம் 300 ரூபா பிடிச்சாங்க, ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம், ஆனா அது வருஷத்துக்கு இல்லங்க, நாலு வருஷத்துக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைக்கு மட்டும் 10 லட்சம். இன்னொன்னு, அந்த திட்டத்துல கல்யாணம் ஆகாதவங்களுக்குத்தான் அப்பா அம்மா வந்தாங்க, கல்யாணம் ஆயிட்டா வரல. இது தெரியாம அம்மாவ அட்மிட் பண்ணிட்டு பில்லிங் கவுன்டர்ல போய் கார்ட நீட்டிட்டு நிக்காதீங்க, அவங்களுக்குத் தனியா ஒரு பாலிசி போட்டு வைங்க.

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் எஸ்ஆர கேட்டு வாங்கி நாமினி பக்கத்த பாருங்க. ஜிபிஎஃப்புக்கு தனி ஃபார்ம், பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) தனி ஃபார்ம், ஒன்ன மாத்துனா இன்னொன்னு தானா மாறாது. மாத்தி குடுத்தா எஸ்ஆர்ல என்ட்ரி போட்டாங்களான்னு நின்னு பாத்துட்டு வாங்க. அப்படியே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டம்மா கைல குடுங்க, பீரோல எந்த தட்டுல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்.