ஐயர் வராத ஞாயிறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

லுத்தரன் சபையில், அதாவது மார்ட்டின் லுத்தர் வழிவந்த கிறிஸ்தவச் சபையில், ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டணத்துக் கோயில்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். அங்கே ஆர்கன் உண்டு, அங்கி போட்ட பாடகர் குழு உண்டு, கார் நிறுத்த இடம் தேடுகிற கஷ்டமும் உண்டு. எனக்குத் தெரிந்த கோயில் தரங்கம்பாடிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், ஓடு வேய்ந்து நிற்பது. அதில் என் அப்பா முப்பது வருஷம் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் சபையை நடத்துகிறவர். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். மற்ற நேரமெல்லாம் கோயில்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். அது சாதிப் பெயர் இல்லை. சீகன்பால்கு ஐயர், பப்ரிசியஸ் ஐயர் என்று 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரிகளைச் சொல்லிப் பழகிய மரியாதை, நம்மூர்ப் போதகர்களுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு குருசேகரத்தில் ஏழெட்டு ஊர் இருக்கும், ஐயர் ஒருவர்தான். எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். அன்றைக்குத்தான் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம், ஞானஸ்நானம், பிரியாணி எல்லாம். மற்ற மூன்று ஞாயிறும் உபதேசியார் பாடு. நான் பேச வந்தது அந்த மூன்று ஞாயிறுகளைப் பற்றித்தான். லுத்தரன் சபையின் உயிர்நாடி அங்கேதான் ஓடுகிறது என்பது என் கட்சி.

எங்கள் வாரம் அடுப்படியில் தொடங்கும். உலை வைக்கும்போது அரிசியை அளந்து போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் அம்மா. பிடியரிசி. காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. வீட்டில் அரிசி குறைவாக இருந்தால் பிடி சின்னதாகும்; போடாமல் இருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் துணிப்பைக்குள் கோயிலுக்குப் போகும். பீடத்துக்குக் கீழே ஒரு மரக்கால் வைத்திருப்பார்கள், அதில் கொட்ட வேண்டும். பொன்னியும் ரேஷன் அரிசியும் புழுங்கலும் பச்சையும் ஒன்றாய்க் கலந்த அந்த அரிசியை யாராவது ஏலம் எடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் விளக்கெண்ணெயும் சாக்பீசும் கோயில் மணிக்குக் கயிறும் வரும். பல நிறத்தில் சோறு வடித்தால் எங்கள் ஊரில் 'கோயில் சோறு' என்றே பெயர். கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த அரிசி மேல் ஒரு கண்.

புதன்கிழமை வீட்டு ஜெபம், வாரம் ஒரு வீடு. பாய் விரித்து, நடுவில் விளக்கு வைத்து, ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளாளுக்கு ஒரு விண்ணப்பம். மாட்டுக்குச் சுகமில்லை என்பதும் மகனுக்கு வேலையில்லை என்பதும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் போகும். முடிந்ததும் சுண்டல், சுக்குக் காப்பி. எந்த வீட்டில் சுண்டல் நன்றாக இருக்குமோ அந்த வாரம் கூட்டம் கொஞ்சம் அதிகம் என்பதை அப்பா கவனித்திருந்தார், சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேலை. வவ்வால் எச்சத்தைக் கூட்டிப் பெருக்குவது, பீடத்துணி மாற்றுவது, பாட்டுப் பலகையில் எண் மாட்டுவது. துணிக்கு நிறம் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, ஈஸ்டருக்கு முந்தின லெந்துக் காலத்துக்கு ஊதா, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, திரித்துவ ஞாயிறுகள் நீண்டுகொண்டே போகும் அந்த மாதங்களுக்குப் பச்சை. நாற்று நட்டு வயல் பச்சை பிடிக்கிற காலத்தில் பீடமும் பச்சையாக இருப்பதைப் பார்த்து, இதை ஜெர்மனியில் முடிவு செய்தவர்களுக்கு எங்கள் ஊர்ச் சாகுபடி எப்படித் தெரிந்தது என்று சின்ன வயதில் அதிசயப்பட்டிருக்கிறேன்.

பலகைக்கு வருகிறேன். கறுப்புப் பலகை, நாலு வரிசை, தகரத்தில் வெட்டிய எண்கள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடுதான், திருப்பி மாட்டிக்கொள்வோம். ஒரு கல்யாண ஞாயிறன்று நான் தலைகீழாய் மாட்டிவிட்டேன். பாட்டு எண்ணைப் பார்த்துப் புத்தகத்தைப் புரட்டினால் அடக்க ஆராதனைப் பாட்டு. அப்பா ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஜனங்கள் பலகையில் இருப்பதைப் பாடுவார்கள், அவ்வளவுதான். மூன்று அடி முடிந்த பிறகே நிறுத்த முடிந்தது. அந்தத் தம்பதி இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

பலகையில் இருப்பது பெரும்பாலும் ஞானப்பாட்டு. ஜெர்மன் பாட்டுகளை அதே ராகத்தில் பாடும்படி தமிழாக்கியவை. 1740-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிறகு சென்னைக்குப் போன பப்ரிசியஸ், வேதாகமத்தைத் தமிழாக்கியதோடு இந்தப் பாட்டுகளிலும் பாதி ஆயுளைக் கரைத்தவர். அந்த ராகங்களை எங்கள் ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். இரண்டு மடங்கு மெதுவாக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழைவு கொடுத்து, அடி முடிகிற இடத்தில் இழுத்து நிறுத்தியிருக்கிறோம். ஜெர்மன்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இது தங்கள் ஊர்ப் பாட்டு என்று பிடிபட மூன்றாவது அடி ஆகும். அது முடிந்ததும் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் பாடிக்கொண்டிருந்தவர். எங்கள் கோயிலில் மிருதங்கம் கிடையாது, பெஞ்சுதான் மிருதங்கம்.

ஞாயிறு காலை முதல் மணி அடித்தால் குளிக்க வேண்டும். இரண்டாம் மணிக்குப் புறப்பட வேண்டும். மூன்றாம் மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காடிட்டு மறுபக்கம், பிள்ளைகள் முன்னால் பாயில். இந்த உட்காரும் இடத்துக்குப் பின்னால் நாங்கள் பெருமைப்பட முடியாத ஒரு கதையும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடிக் கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், ஐயர்மாரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆண்டவர் பந்தியில் ஒரே அப்பம் என்று வாசித்துக்கொண்டே இடம் மட்டும் பிரித்தார்கள். அந்தக் கோடு தரையிலிருந்து அழிந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் இன்னும் தென்படுகிறது.

ஆராதனைக்கு ஒரு முறைமை உண்டு. பாவ அறிக்கை, 'கர்த்தாவே இரக்கமாயிரும்', தேவதூதர் பாட்டு, நிருபம், சுவிசேஷம், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, ஜெபம், ஆசீர்வாதம். நடத்துகிறவர் ஜெபிக்கும்போது பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், ஏனென்றால் அப்போது அவர் ஜனங்களில் ஒருவர். வசனம் வாசிக்கும்போது ஜனங்களைப் பார்ப்பார். சின்னப் பிள்ளைகளுக்கு இது புரியாது. 'உபதேசியார் ஏன் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார்' என்று என் தங்கை ஒரு தடவை உரக்கக் கேட்டாள்.

பிரசங்கம் அப்பாவின் சொந்தச் சரக்கு இல்லை. அச்சடித்த பிரசங்கப் புத்தகத்திலிருந்து வாசிப்பார். மழைக்கால ஓதத்தில் ஒரு தரம் தாள்கள் ஒட்டிக்கொண்டன. இளைய குமாரன் தூரதேசத்திலிருந்து திரும்பி வருகிறான், தகப்பன் ஓடுகிறார், அப்பா தாளைத் திருப்புகிறார், பத்துக் கன்னிகைகள் தீவட்டியோடு நிற்கிறார்கள். வாசித்துக்கொண்டே போனார். யாரும் அசையவில்லை. 'வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பெண் பார்த்தாச்சு போல' என்று அம்மா முக்காட்டுக்குள் சொன்னது பக்கத்து வரிசை வரைக்கும் கேட்டது.

ஐயர் இல்லாமல் இதெல்லாம் எப்படி நிற்கிறது? லுத்தரே இதை யோசித்து வைத்தவர். 1528-இல் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்த்துவரப் போனார். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, போதகர் பலருக்கும் தெரியவில்லை. மறுவருஷமே சிறிய ஞானோபதேசம் எழுதினார். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதத்தில் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே போட்டார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்கும் சின்னப் புத்தகம். சீகன்பால்கு தமிழில் முதலில் கையில் எடுத்தவற்றில் அதுவும் ஒன்று. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் எங்களை உட்கார வைத்து அப்பா அதைக் கேட்பார். பதில் தெரியாவிட்டால் அடி இல்லை, பாயசம் இல்லை. அது அடியைவிட மோசம்.

1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கும் அவரோடு வந்த மிஷனரி புளுட்சோவும், அப்போது டென்மார்க்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை, டேனிஷ் கோட்டைத் தளபதி சீகன்பால்கைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டார். ஐயர் எப்போது இருப்பார் எப்போது இருக்க மாட்டார் என்று சொல்ல முடியாத நிலைமை அப்போதே தொடங்கிவிட்டது. மிஷனரிகளுக்குத் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் போக வழியில்லாதிருந்த காலத்தில், அந்த ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்பவர் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்றை எப்படியோ கையில் பெற்று, படித்து, 1720-களின் கடைசியில் தானே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார், பிறகு உபதேசியார் ஆனார். ஐயர் போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போயிருக்கிறது. தமிழரில் முதல் லுத்தரன் ஐயராக ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733-இல். அவரும் உபதேசியாராக இருந்து உயர்ந்தவர்தான்.

பெரிய சோதனை முதல் உலகப் போரில் வந்தது. எங்கள் சபைகளை நடத்தியவர்கள் லீப்சிக் மிஷன்காரர்கள், அதாவது ஜெர்மானியர். பிரிட்டிஷ் அரசு அவர்களைக் காவலில் வைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிட்டது. ஸ்வீடன் மிஷனரிகள் சிலர் தோள்கொடுத்தார்கள். ஊர் ஊராகச் சபையைக் கட்டிக் காத்தவர்கள் தமிழ் ஐயர்மாரும் உபதேசியார்மாரும். 1919 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் சமயத்தில், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. ஐயர்கள் காணாமற்போன காலத்தில் பிறந்த சபை எங்களுடையது. தமிழர் ஒருவர், ராஜா மாணிக்கம், பேராயராக வந்தது 1956-இல். வந்த பிறகு தேர்தலும் வந்தது, தேர்தலோடு வழக்கும் வந்தது. அதைப் பற்றிப் பேச வானொலியில் எனக்குக் கொடுத்த நேரம் போதாது.

உபதேசியாருக்கு எல்லை உண்டு. பாவ அறிக்கையை நடத்தலாம். 'உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன' என்று அறிவிக்க முடியாது. அப்பத்தையும் பாத்திரத்தையும் தொட முடியாது. உயிர் போகிற அவசரத்தில் ஞானஸ்நானம் மட்டும் கொடுக்கலாம். எங்கள் ஊர் மருத்துவச்சி ஒரு ராத்திரி வந்து கதவைத் தட்டினாள். அப்பா சட்டை போடாமல் ஓடினார். கையில் கிடைத்தது தண்ணீர்ச் சொம்பு. லாந்தர் வெளிச்சத்தில், மூச்சுவிடத் திணறிய குழந்தையின் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார். பெயரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை, வாயில் வந்ததை வைத்தார். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 'வேறு பெயர் யோசித்திருந்தோம்' என்று அவன் அம்மா பின்னால் பல வருஷம் அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வாதத்தில்தான் அந்த எல்லை நன்றாகத் தெரியும். ஐயர் இரண்டு கையையும் உயர்த்தி, 'கர்த்தர் உங்களை ஆசீர்வதித்து உங்களைக் காக்கக்கடவர்' என்பார். உபதேசியார் கையைக் கூப்பிக்கொண்டு, 'கர்த்தர் நம்மை ஆசீர்வதித்து நம்மைக் காக்கக்கடவர்' என்பார். மாறுவது அந்த ஒரு சொல்தான். அப்பா முப்பது வருஷத்தில் ஒருநாளும் அதில் தவறியதில்லை.

ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆள் இல்லாத ஞாயிறுகளில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். இப்போது ஸ்பீக்கர் உண்டு, கீபோர்டு வாசிக்கும் பையன் உண்டு, பாட்டு வரிகள் போனில் வருகின்றன. பலகை மட்டும் அதே பலகை. போன மாதம் ஆராதனை முடிகிற நேரம், ஏதோ நினைவில், கையை உயர்த்தி 'கர்த்தர் உங்களை' என்று ஆரம்பித்துவிட்டேன். பாயில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, எண்பது வயது தாண்டியவர், தலை நிமிராமலே சொன்னார்:

"உங்களைன்னா, நீ எங்க போற? நம்மைன்னு சொல்லு தம்பி."

கையை இறக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஆமென் போட்டுப் பாயைச் சுருட்டினார்கள்.

நன்றி, வணக்கம்.