ஜூலை 1: காலை அவர்களுக்கு, கொண்டாட்டம் அதற்கப்புறம்

எல்லோருக்கும் வணக்கம். கனடா தினத்தைக் கொண்டாட வந்த இடத்தில் சாவைப் பற்றிப் பேசப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை நாம் இங்கே பிள்ளைகளின் கன்னத்தில் மேப்பிள் இலை வரைந்துகொண்டிருந்த நேரத்தில், கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூஃபண்ட்லாந்தில் கொடி அரைக்கம்பத்தில் நின்றது. அங்கே ஜூலை 1 முதலில் நினைவு நாள். நண்பகலுக்குப் பிறகுதான் கனடா தினம்.

ஏன் அப்படி? 1916-ல் நியூஃபண்ட்லாந்து கனடாவோடு சேரவில்லை, அது நடந்தது 1949-ல். அன்றைக்கு அது தனி நாடு மாதிரி, இரண்டரை லட்சம் பேர்கூட இல்லை, பெரும்பாலும் மீன்பிடித்துப் பிழைத்த சனம். அந்தச் சின்ன இடம் முதல் உலகப் போருக்குத் தன் பெயரிலேயே ஒரு ரெஜிமென்டை, அதாவது படைப்பிரிவை, அனுப்பியது. காக்கித் துணி போதாமல் முதலில் போனவர்கள் காலில் நீலத் துணியைச் சுற்றிக்கொண்டார்கள், இன்றைக்கும் அவர்களை ‘ப்ளூ பட்டீஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

1916 ஜூலை 1, பிரான்சில், சோம் பெருஞ்சமரின் முதல் நாள். போமோன் ஆமெல் என்ற கிராமத்துக்கு முன்னால் காலை 7:20-க்கே பிரிட்டிஷ் படையினர் ஒரு பெரிய கண்ணிவெடியை வெடிக்க வைத்தார்கள், தாக்குதலோ 7:30-க்கு. அந்தப் பத்து நிமிடத்தில் எதிரில் இருந்த ஜெர்மானியர்கள் உஷாராகிவிட்டார்கள். முதலில் போனவர்கள் விழுந்துகொண்டே இருக்க, ஜெர்மானியர் விட்ட ஒரு வெள்ளை வெளிச்ச வாணத்தைத் தங்கள் ஆட்களின் வெற்றிச் சைகை என்று பின்னால் இருந்த தளபதிகள் எடுத்துக்கொண்டு, 9:15-க்கு நியூஃபண்ட்லாந்துக்காரர்களையும் இறக்கினார்கள். முன்னுக்குப் போகும் பதுங்குகுழிகளில் பிணமும் காயக்காரர்களும் அடைத்துக் கிடந்ததால், பின்வரிசைக் குழியிலிருந்து ஏறித் திறந்த வெளியிலேயே நடந்தார்கள். தங்கள் பக்கத்து முள்கம்பி வேலியில் ஆள் போக விட்டிருந்த இடைவெளிகள் கொஞ்சம்தான், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் குறிபார்த்துக்கொண்டிருந்ததும் அவற்றைத்தான். விமானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று முதுகில் மின்னும் தகரத் துண்டு கட்டிவிட்டிருந்தார்கள், காயத்தோடு ஊர்ந்து திரும்பியவர்களை அதுவே காட்டிக்கொடுத்தது. பனிப்புயலுக்குள் நடக்கிறவர்கள் போல மோவாயைத் தோளில் புதைத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. போனவர்கள் ஏறக்குறைய 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

செய்தி ஊருக்கு வந்து சேரவே நாள் எடுத்தது. முதலில் வந்ததெல்லாம் முன்னேற்றம், வெற்றி என்ற சேதிதான். அப்புறம் பெயர்ப் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தலைநகர் செயின்ட் ஜான்ஸின் பெரிய வணிகக் குடும்பமான ஏயர் குடும்பத்தில் அந்த ஒரே நாளில் நாலு பேர் போனார்கள், அதில் இருவர் உடன்பிறந்தவர்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்னச் சின்னத் துறைமுக ஊர்கள் அவை, ஒரு வீட்டு இழவு அடுத்த வீட்டுக்கும் இழவுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தத் தாக்குதலில் ஓர் அடி நிலம்கூடக் கிடைக்கவில்லை. வெற்றி கிடைத்த நாளைத் தேடாமல், பிள்ளைகளை இழந்த நாளையே வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே, போர் முடியும் முன்பே, நினைவு கூரத் தொடங்கிவிட்டார்கள். ரெஜிமென்டின் பாதிரியார் தாமஸ் நாங்கிள் போருக்குப் பிறகு திரும்பவும் அங்கே போய், உடல்களைத் தேடி அடக்கம் செய்தார், சுமார் 250 பிரெஞ்சு நிலக்காரர்களிடம் பேசி அந்தப் போர்க்களத்தையே வாங்கினார். அதற்குக் காசு சேர்த்துக் கொடுத்ததில் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய பங்கு. பதுங்குகுழிகளை மூடவில்லை, இன்றும் புல் மூடி வளைந்து வளைந்து கிடக்கின்றன, மேட்டில் வெண்கலக் காரிபூ மான் நிற்கிறது. அதன் அடியில், போர் முழுவதிலும் இறந்து கல்லறை இல்லாமல் போன 800-க்கும் மேற்பட்ட நியூஃபண்ட்லாந்துக்காரர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் எத்தனை பேரின் தாய்மார் கடலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்! 2024 மே மாதத்தில் பெயர் தெரியாத ஒரு வீரனின் எச்சங்களைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து, ஜூலை 1 அன்று செயின்ட் ஜான்ஸ் நினைவுச்சின்னத்தின் முன்னால் அடக்கம் செய்தார்கள். அந்தச் சின்னம் திறந்து அன்றைக்குச் சரியாக நூறு வருடம்.

உடல் கிடைக்காத சாவு என்றால் என்ன என்று ஈழத் தமிழர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் அகதிகளாக வந்த நம் சனம் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் தத்தளித்தது இந்தத் தீவின் கரைக்கு அப்பால்தான். மீன்பிடிக்கப் போயிருந்த கப்டன் கஸ் டால்டன் அவர்களைக் கண்டார், யார் எவர் என்று பாராமல் காப்பாற்றினார். அந்தத் தீவின் துக்க நாளில் நாம் காலையிலிருந்தே மேளம் அடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொண்டாட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நமக்கு வாழ்வு தந்த நாடு, பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும், நண்பகலுக்கு மேல் தொடங்கட்டும். காலையில் அங்கே சட்டையில் குத்திக்கொள்கிற ஃபர்கெட் மீ நாட் என்ற சின்ன நீலப் பூவை நாமும் குத்திக்கொண்டு, 9:15-க்கு எழுந்து நின்று, ஒரு பிள்ளையை விட்டு அந்தப் பெயர்களில் கொஞ்சத்தை வாசிக்கச் சொல்லலாம். விழாக் குழுவுக்கு இதைக் கடிதமாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். சம்மதம் என்றால் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.