சீனத்தில் வாழும் அயல்நாட்டாரை எப்படி அழைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 141 கோடிப் பேர் வாழும் சீனப் பெருநிலத்தில் அயல்நாட்டார் 8,45,697 பேர், அதாவது பதினாயிரம் பேருக்கு ஆறு பேர்தான். ஷாங்காய், குவாங்சோ, சில்லறைப் பொருள்களின் மொத்தச் சந்தையான ஈவூ முதலிய நகரங்களை விட்டால், அயல்நாட்டு முகத்தை அன்றாடம் பார்க்காத சீனரே மிகுதி. ஆகவே, தெருவில் ஒரு சிறுவன் விரலை நீட்டி, அயல்நாட்டாரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லான 'லாவ்வாய்' என்று கூவினால் அதை உடனே பகைமையாகக் கொள்ள வேண்டியதில்லை. நம் ஊரில் 'வெள்ளைக்காரர்' என்று சொல்வதைப் போல, அந்தச் சொல் சொல்லுகிறவரின் குரலைப் பொறுத்தே உரிமையாகவோ ஏளனமாகவோ ஆகிறது.

அதைவிடப் பணிவானது 'வைகுவோ பெங்யோ', அதாவது அயல்நாட்டு நண்பர். விழா மேடையில் அது அழகுதான். ஆனால், இருபது ஆண்டுகளாக ஒரே குடியிருப்பில் வாடகை கொடுத்து வாழ்கிறவரையும் விருந்தினராகவே நிறுத்திவைக்கும் பணிவு அது என்பது என் கருத்து. சீனர்கள் தமக்குள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள்? குடும்பப் பெயரை முன்னே வைத்து, தொழிலைப் பின்னே சேர்த்து, வாங் ஆசிரியர், லீ மேலாளர் என்று அழைக்கிறார்கள். அயல்நாட்டாரையும் அவ்வாறே அழைப்பதுதான் மரியாதை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் சான்று மருத்துவர் துவாரகநாத் கோட்னிஸ். சோலாப்பூரில் பிறந்த அவர், ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிய சீனத்துக்கு 1938-இல் இந்தியா அனுப்பிய மருத்துவக் குழுவின் ஐவரில் ஒருவர். அந்த ஐவருக்கும் சூட்டப்பட்ட சீனப் பெயர்கள் அனைத்தும் சீனத்தைக் குறிக்கும் 'ஹுவா' என்ற எழுத்தில் முடிந்தன. கோட்னிஸ், 'கே திஹுவா' ஆனார். குழுவில் மூவர் நாடு திரும்பிய பின்னரும் அவர் அங்கேயே தங்கி, போர்முனையில் அறுவை செய்து, சீனம் கற்று, சீனப் போர்முனையில் பணியாற்றிய கனடா நாட்டு மருத்துவர் பெத்யூன் பெயரிலான மருத்துவமனைக்குத் தலைவராகி, உடன் பணியாற்றிய குவோ சிங்லானை மணந்தார். மகனுக்கு இந்தியாவும் சீனமும் சேர்ந்த 'யின்ஹுவா' என்ற பெயரை வைத்தார்கள். 1942 டிசம்பரில், தம் முப்பத்திரண்டாம் வயதில், அவர் காலமானார். கேயைக் குடும்பப் பெயராகவும் தைஃபுவை மருத்துவர் என்பதாகவும் கொண்டு 'கே தைஃபு' என்று அழைக்கும்போது, அங்கே அயல்நாட்டவர் என்ற அடையாளமே எழுவதில்லை. பெயரும் தொழிலும் போதும். இதை மீண்டும் சொல்கிறேன்: பெயரும் தொழிலும் போதும்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தமிழர் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் தந்தையின் பெயர் இருப்பதால், சீன வங்கி எழுத்தர் மகளிடம் முருகேசன் அம்மையாரே என்று மிகுந்த மரியாதையோடு தந்தையின் பெயரைச் சொல்லி அழைப்பார். அவர் தம் முறைப்படி சரியாகத்தான் அழைக்கிறார். 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று முதலிலேயே கேட்டுவிட்டால் இரு தரப்புக்கும் எளிது. கேட்பது சீன வழக்கத்திலும் இயல்பானதே.

அழைப்பு மட்டும் மரியாதையாகிவிடாது. 2020 ஏப்ரலில், கொரோனா அச்சத்தின்போது, குவாங்சோவில் ஆப்பிரிக்கர் பலர் குடியிருந்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தெருவில் நின்றார்கள். ஆப்பிரிக்கத் தூதர்கள் முறையிட வேண்டியிருந்தது. அவர்களையும் விழா மேடைகள் நண்பர்கள் என்றே அழைத்திருந்தன.

நிரந்தரக் குடியிருப்பு அட்டை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் இடந்தரவில்லை. 2004-இல் நடைமுறைக்கு வந்த அந்த அட்டை 2023 டிசம்பரில் புது வடிவம் பெற்றது என்பதையும், அதைப் பெற்றவர்கள் இன்றும் மிகச் சிலரே என்பதையும் மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.