மதகுக்கு கிரீஸ் வேண்டாம், தண்ணீர் குடிக்கும் புஷ்ஷும் வேண்டாம்

வணக்கம் நண்பர்களே. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குள் நிற்கிறேன், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாளியைப் பாருங்கள். இரும்புக் கூட்டுக்குள் அடித்து இறக்கிய நைலான் புஷ் ஒன்று இரண்டு மாதமாகத் தண்ணீரில் கிடக்கிறது. புஷ் என்பது தண்டு உள்ளே நுழைந்து நகரும் குழாய் போன்ற உறை. போட்ட அன்று இந்தப் பின், அதாவது இரும்புத் தண்டு, தானாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. இப்போது அழுத்துகிறேன்... பாதியிலேயே நின்றுவிட்டது. நைலான் தண்ணீர் குடிக்கும். முழுதாக ஊறினால் தன் எடையில் 8, 9 சதவீதம்கூடக் குடிக்கும். வெளியே இரும்பு இடம் தராது; ஆகவே உள்பக்கம் ஊதித் துளை சுருங்கிவிடுகிறது. போன ஆண்டு ஒரு பண்ணைக் குளத்து ஷட்டருக்கு, அதாவது மதகுக் கதவுக்கு, நான் கொடுத்ததும் இதே நைலான்தான். அடைமழையில் ஷட்டர் ஏறவில்லை, கரை உடைந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் காணொளி.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. அந்த ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் கதவை நீர் ஏறக்குறைய 7 டன் எடையோடு அழுத்தும். துருவேறிய இரும்போடு இரும்பு உரசும்போது உராய்வு எண்ணை, அதாவது அழுத்தும் எடையில் எத்தனை பங்கு இழுவை வேண்டும் என்பதை, 0.5 என்று வைத்தால், கதவை அசைக்கவே மூன்றரை டன் இழுவை தேவை. டெஃப்லான் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையில் அதே எண் 0.1 என்றாலும் 700 கிலோ போதும். கிரீஸ் தடவலாமே என்பீர்கள். தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நாம் குடிக்கும் ஏரியில் அது கலக்கவும் கூடாது. மிச்சமிருக்கும் கிரீஸில் வண்டல் ஒட்டினால், அரம் போட்டதுபோல் பின்னைத் தின்றுவிடும்.

1938இல் கண்டுபிடிக்கப்பட்ட டெஃப்லான் இங்கே செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். உரச உரச, எதிரே உள்ள உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகத் தன்னையே பூசிக்கொள்ளும். பிறகு டெஃப்லான்மேல் டெஃப்லானே நகரும். மெதுவாக ஏறும் கதவு திக்கித் திக்கிக் குதிப்பதும் குறையும். ஆனால் தனி டெஃப்லான் மென்மையானது, பாரத்தில் பிதுங்கிவிடும். கண்ணாடி இழையோ வெண்கலத் தூளோ கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பக்கம் வழவழப்பான துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்; சொரசொரப்பு இருந்தால் படலம் நிற்காது.

டெஃப்லானைப் போலவே, யூ.எச்.எம்.டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. ஆனால் சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். நீர் வற்றிக் கத்திரி வெயிலில் காயும் ஷட்டரில் அதற்கான இடைவெளியை மறக்காதீர்கள்.

இதோ, வெண்கலத் தூள் கலந்த டெஃப்லான் புஷ். அதே வாளியில் போடுகிறேன். இரண்டு மாதம் கழித்து உங்கள் முன்னால் இதே பின்னை இறக்கிப் பார்க்கிறேன்.