மாட்டுவண்டித் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் சைனாடவுனுக்கு ராத்திரியில் போங்கள், விளக்கு வெளிச்சத்தில்தான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் வீட்டில் தங்கியிருந்த நான், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டேன். விளக்கை எந்த ஊரிலும் பார்க்கலாம். கடைக்காரர் கதவைத் திறந்து, வாசலைக் கழுவி, முதல் வியாபாரத்துக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கும்.

எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் பகோடா தெரு. பகோடா என்றதும் அடுக்கடுக்கான சீனக் கோபுரம் ஒன்றைக் கண் தேடியது. அப்படி எதுவும் இல்லை. தெருக்கோடியில் நின்றது நம்ம மாரியம்மன் கோயில் கோபுரம்! தெருவுக்குப் பெயர் வந்ததே இந்தக் கோயிலால்தானாம். பக்கத்தில் இருக்கும் டெம்பிள் தெருவும் இதே கோயிலின் பெயரில்தான். இந்தப் பக்கம் மாஸ்க் தெரு. அதற்குப் பெயர் தந்த ஜாமியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவியது. ஆக, சீனர் பேட்டையின் நடுவில் மூன்று தெருப் பெயர்கள் நம்மவர்கள் கணக்கில்.

கோயிலைத் தொடங்கியவர் நாராயண பிள்ளை. 1819-இல், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர், செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரம் பார்த்தார். 1827-இல் அவர் எழுப்பிய கோயிலோ மரமும் அத்தாப்புக் கீற்றும்தான். செங்கல் சூளைக்காரர் கட்டியது கூரைக்கோயில்! நான் உள்ளே போனபோது, வயதான சீன அம்மா ஒருவர் அம்மன் சந்நிதி முன்னால் கைகூப்பி நின்றிருந்தார். கையில் காய்கறிப் பை. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

அவர் பின்னாலேயே நானும் மார்க்கெட்டுக்குப் போனேன். சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் அடித்தளம். தரையெல்லாம் ஈரம். உயிரோடு தவளை, விலாங்கு, தோல்கூடக் கறுத்த கோழி. சைவக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக மாடிக்கு ஏறிவிடலாம், இருநூறுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள் அங்கே இருக்கின்றன. நான் ஒரு கோப்பி ஓ மட்டும் குடித்தேன். பால் இல்லாத காப்பி, கசப்பைச் சர்க்கரை சமாளித்துவிடுகிறது.

வெளியே திடலில் தாத்தாக்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டக் காய்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. பலகையின் நடுவே ஓர் ஆறு. குதிரை, தேர், சிப்பாய் எல்லாம் ஆற்றைத் தாண்டலாம், யானை தாண்டக்கூடாது. ஆடுகிறவர் இரண்டு பேர், யோசனை சொல்ல எட்டுப் பேர். பாஷை தெரியாத எனக்கே யார் தோற்கப்போகிறார் என்று புரிந்துவிட்டது.

பக்கத்தில் சேகோ லேன். ஜவ்வரிசி ஆலைகளால் வந்த பெயர். ஆனால் சீனர்களுக்கு அது சாவுத் தெரு. நெருக்கடியான குடியிருப்பில் ஒருவர் இறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று, சாகக் கிடந்த ஏழைத் தொழிலாளர்களை இங்கிருந்த விடுதிகளில் கொண்டுவந்து விடுவார்களாம். 1961-இல் அதைத் தடை செய்தார்கள். கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர் கடைசியில் படுத்த கட்டில் அது. அங்கே எனக்கு அதிக நேரம் நிற்க முடியவில்லை.

நாம் சைனாடவுன் என்கிறோம். சீனர்கள் இந்த இடத்தைச் சொல்வது 'மாடு, வண்டி, தண்ணீர்' என்ற மூன்று சொற்களால். குழாய் வருவதற்கு முன்னால் ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்தது. மலாய்க்காரர்கள் சொல்லும் கிரேத்தா ஆயரும் தண்ணீர்வண்டிதான். ஊருக்குத் தண்ணி லாரியின் பெயர் வைத்த மாதிரி என்று சென்னைக்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, வெயில் ஏறிவிட்டது. கடைகளின் முன்னால் கூரையோடு போகிற நடைபாதைக்கு இங்கே அஞ்சடி என்று பெயர், அதில் நடந்தால் வெயில் தெரியாது. கட்டடங்களின் முன்னால் மறைப்போடு நடைபாதை விடவேண்டும் என்பது 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட உத்தரவு. மற்றதற்கு எப்படியோ, இதற்காக அந்த ஆளை நான் மன்னிக்கத் தயார்.

குன்றேறி இறங்கினால் தெலுக் ஆயர் தெரு. ஒரு காலத்தில் அலை வந்து மோதிய கரை. இங்கே நாகூர் தர்கா இருக்கிறது, சாகுல் ஹமீது ஆண்டகை பெயரில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. சில கட்டடம் தள்ளி தியான் ஹாக் கெங், கடல்தாய் மாசுவின் கோயில், 1842-இல் முடிந்தது. நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தவரும் தென்சீனக் கரையிலிருந்து வந்தவரும், உயிரோடு கரை சேர்ந்த கையோடு, ஒரே தெருவில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். முதலில் ஓலைக் குடிசையாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். 'குச்சு' என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

கடலைத்தான் காணோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மண்ணைக் கொட்டித் தூர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது கோயிலுக்கு எதிரே கண்ணாடிக் கட்டடங்கள்.

அங்கே நின்றபோது மகள் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"எங்கேப்பா இருக்கீங்க?"

"கடற்கரையில்" என்றேன்.

"சைனாடவுன்ல ஏதுப்பா கடல்?"

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.