“லைஃப் தீர்ந்துடுச்சா மாமா?”

(சேலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘செயற்கை நுண்ணறிவும் கணினித் துறையின் எதிர்காலமும்’. எதிர்காலத்தைச் சொல்ல நான் ஜோசியர் இல்லை. பதினெட்டு வருடமாக நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், அவ்வளவுதான். அதனால் தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஏஐ கருவியை வைத்து ஒரு வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. ‘உங்கள் பயன்பாட்டு அளவு முடிந்தது, ஐந்து மணிக்கு மேல் தொடரலாம்’ என்று திரையில் ஒரு வரி. நான் மொபைலை எடுத்து ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். சோபாவில் படுத்து கேம் ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “என்ன மாமா, லைஃப் தீர்ந்துடுச்சா?”

சுருக்கென்று பட்டது. கேண்டி க்ரஷ் ஆடியவர்கள் இந்த அரங்கில் நிறைய பேர் இருப்பீர்கள், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டீர்கள். அதில் ஐந்து லைஃப். தீர்ந்தால் ஒவ்வொன்றும் திரும்பி வர அரை மணி நேரம். காத்திருக்கப் பிடிக்காவிட்டால் காசு. என் கருவியிலும் அதே கணக்குதான். கேட்கிறோம், வருகிறது. சரியாக வந்தால் சந்தோஷம். சரியில்லையா, இன்னொரு தடவை தட்டிப் பார்ப்போம் என்று கை தானாகப் போகிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மனைவி, “வேலை பார்க்கிறீங்களா, விளையாடறீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இதில் வேடிக்கை, அந்தப் பையன் சோபாவில் செய்துகொண்டிருந்தது வேலை. நிஜமாகத்தான் சொல்கிறேன். டியூஷனுக்குப் போவதற்குள் ‘டெய்லி மிஷன்’ மூன்றை முடிக்க வேண்டுமாம். இன்று உள்ளே வராவிட்டால் ஏழு நாள் தொடர் அறுந்துவிடுமாம். சீசன் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறதாம். “பிடிச்சிருக்காடா?” என்றேன். “போர் அடிக்குது மாமா, ஆனா முடிச்சாகணும்” என்றான். இதே வாக்கியத்தை திங்கட்கிழமை காலையில் என் சக ஊழியர்கள் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

(பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நான் இங்கே எடுக்கவில்லை. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. நான் சொல்வது சாதாரண விளையாட்டுகளை.)

நான் வளர்ந்தது சிவதாபுரத்தில். அப்பாவுக்கு வெள்ளிப் பட்டறை. கொலுசு வேலை. பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு பழைய டிவி, அதில் மாட்ட ஒரு டிவி கேம். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, அடியில் வாயை வைத்து ஊதி, திரும்ப மாட்டுவோம். முன்னால் அப்பா கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருப்பார், பின்னால் நான் கேசட்டை ஊதிக்கொண்டிருப்பேன். பரம்பரைத் தொழில் என்று மாமா கேலி செய்வார்.

அந்தக் கேசட்டில் இருந்த மரியோ 1985-இல் வந்தது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூப் படம் ஒன்றே அதைவிடப் பெரிதாக இருக்கும். இடம் பற்றாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். சாதம் வடித்த கஞ்சியைப் புடவைக்குப் போடுகிற சிக்கனம். நான் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு முப்பது வயது. இருபது வருடம் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்று. நிரல் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அது.

இன்று வரும் பெரிய விளையாட்டுகள் சர்வசாதாரணமாக 100 ஜிபியைத் தாண்டுகின்றன. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கினாலும் நம்முடையது என்று சொல்ல முடியாது. ‘தி க்ரூ’ என்று ஒரு கார் பந்தய விளையாட்டு, 2014-இல் வந்தது. 2024 மார்ச் கடைசியில் நிறுவனம் அதன் சர்வரை நிறுத்தியது. தனியாக ஆடுகிறவர்கள்கூட அதற்கப்புறம் ஆட முடியவில்லை. எந்த இடத்தில் வாயை வைத்து ஊதுவது?

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2021-இல் முன்னோட்டமாக வந்தபோதே எடுத்துப் பார்த்தேன். நான் இரண்டு வார்த்தை எழுதினால் அது பத்து வரி எழுதியது. முதல் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். பழைய நிரலைப் படித்துச் சொல்லும், பிழைச் செய்தியை ஒட்டினால் காரணம் தேடும், தெரியாத கணினி மொழியில் கைபிடித்து நடத்தும். இதையெல்லாம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் வீம்புக்குச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

அப்புறம் ஒரு லாரி கணக்கு வந்தது.

சங்ககிரிப் பக்கம் ஒரு சரக்கு லாரி நிறுவனம். எந்த வண்டி எப்போது வந்தது, எவ்வளவு வாடகை என்று தினசரி அறிக்கை வேண்டும். கருவியிடம் சொன்னேன், அரை மணியில் எழுதித் தந்தது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் அதுவே எழுதியது. எல்லாம் பச்சை விளக்கு. இரண்டு வாரம் கழித்து அங்கே கணக்கு எழுதுகிற பெரியவர் போன் செய்தார். “தம்பி, விடியக்காலம் வர்ற வண்டியெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல முந்தின நாள் கணக்குல ஏறுது.” அவர் கையில் ஒரு நோட்டு, பேனா. அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, எந்த நாள் என்பதையும் அதை வைத்தே பிரித்திருக்கிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை வந்த வண்டி எல்லாம் நேற்றைக்குப் போய்விட்டது. லாரி வருவதே அந்த நேரத்தில்தான்! கருவி எழுதிய சோதனைகளில் வந்த வண்டிகள் எல்லாம் காலை பத்து மணி, மதியம் இரண்டு மணி என்று ஆபீஸ் நேரத்தில் வந்திருந்தன.

தப்பு புதிதல்ல. நானே இளம் வயதில் இதைச் செய்திருக்கிறேன். என்னை உறுத்தியது வேறு. அந்த நிரலை நான் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். படிக்கும்போது ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏனென்றால் அது அவ்வளவு அழகாக இருந்தது. பெயர்கள் பொருத்தம், விளக்கக் குறிப்பு கச்சிதம், வரிசை ஒழுங்கு.

இங்கே பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மெருகு போட்டுவிட்டால் எல்லாக் கொலுசும் பளபளக்கும். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. உரைத்தோ உருக்கியோதான் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் மோசமான நிரல் மோசமாகவே தெரியும். அவசரத்தில் எழுதியவன் பெயர் வைக்கக்கூடச் சோம்பல்பட்டு ‘டெம்ப் ஒன்று, டெம்ப் இரண்டு’ என்று எழுதியிருப்பான். அதைப் பார்த்ததும் உஷாராகிவிடுவோம். அந்த அழுக்குதான் எங்களுக்கு அடையாளம். இப்போது எல்லாமே மெருகு போட்டே வருகிறது. பதினெட்டு வருடத்தில் நான் பழகிய கண் இதில் பாதி வீண்.

2025-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான திட்டங்கள், 246 வேலைகள். சிலவற்றைக் கருவியோடும் சிலவற்றைக் கருவி இல்லாமலும் செய்யச் சொன்னார்கள். கருவியோடு செய்தபோது 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. சின்ன ஆய்வு, அந்த வருடத் தொடக்கத்தில் இருந்த கருவிகள், எல்லாருக்கும் பொருந்தாது. அதை விடுங்கள். வேலை முடிந்த பிறகு அவர்களைக் கேட்டால், 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாகச் சொன்னார்கள். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சீக்கிரம் முடித்ததாக நினைத்த வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

ஏற்காட்டுக்கு பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஐம்பது தடவை போனவர் இருப்பார். இருபது கொண்டை ஊசி வளைவும் அத்துப்படி என்பார். எந்த வளைவில் குரங்கு உட்கார்ந்திருக்கும் என்றுகூடச் சொல்வார். வண்டியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்கே கியரைக் குறைப்பது என்று கைக்குத் தெரியாது. லாரிக் கணக்கைத் திருத்த நான் உட்கார்ந்த இரவில் அப்படித்தான் இருந்தேன். என் பெயரில் இருந்த நிரல், எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

என் அக்கா மகனுக்கு இந்தக் கருவிகள் மேல் தனிக் கோபம் உண்டு. கேம் ஆட சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க வேண்டும் என்று காசு சேர்த்து வந்தான். 2025 கடைசியில் மெமரி, அதாவது ரேம், விலை எகிறிவிட்டது. ஏஐ மையங்களுக்கே சரக்கு போகிறது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு ‘க்ரூஷல்’ என்ற பெயரில் விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. அவனிடம் ஒரு பழைய கதை சொன்னேன். 2012-இல் இந்த ஏஐ அலையைக் கிளப்பிவிட்ட ‘அலெக்ஸ்நெட்’ என்ற படம் அடையாளம் காணும் ஏஐ, கேம் ஆட கம்ப்யூட்டரில் மாட்டும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் பழக்கப்படுத்தப்பட்டது. என்விடியா ஜிடிஎக்ஸ் 580, உன்னைப் போன்ற பையன்கள் ஆட வாங்கியது. அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்ப நாங்க போட்ட காசுல வளர்ந்துட்டு எங்களுக்கே ரேம் இல்லைங்குதா?” பதில் இருந்தால் யாராவது அவனிடம் சொல்லுங்கள்.

கல்லூரியில் டர்போ சி என்ற பழைய நிரல் எழுதும் மென்பொருளில் பாம்பு விளையாட்டு எழுதினேன். அந்த நீலத் திரை இங்கே பலருக்குக் கனவில்கூட வரும். ஒரு மாதம் ஆனது. பாம்பு சுவரில் முட்டாமல் மறுபக்கம் வந்துவிடும், வாலை இழந்துவிடும். ஒவ்வொரு பிழையும் இன்றும் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் என் மகளுக்காக, மேலிருந்து விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு ஒன்றைக் கருவியிடம் கேட்டு வாங்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டர்போ சி பாம்பைவிட ஆயிரம் மடங்கு அழகு. அதைப் பற்றி உங்களிடம் சொல்ல ஒரு ஞாபகமும் இல்லை.

அவளுக்கு எட்டு வயது. இரண்டு தடவை ஆடினாள். “அப்பா, கீழே விழுந்தா மாம்பழம் நசுங்கணும்” என்றாள். அவளையே கேட்கச் சொன்னேன். மைக்கை அழுத்தித் தமிழிலேயே கேட்டாள். மாம்பழம் நசுங்கியது, மஞ்சள் சாறு தெறித்தது. கைதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மடியில் ஏறிக்கொண்டு, “இது எப்படிப்பா நசுங்குது?” என்றாள்.

கோப்பைத் திறந்தேன். நானும் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படிக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தோம். நாற்பதாவது வரியில் ஓர் எண்ணை மாற்றினாள். மாம்பழம் பூசணிக்காய் அளவுக்கு வந்து திரை முழுவதையும் மறைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஒன்பதரை மணிக்கு.

நன்றி, வணக்கம்.