பூட்டுன ரூம்ல கெடக்குற கம்ப்யூட்டர்

(எங்க ஊர் நூலக வாசகர் வட்டத்துல பேசினது, ரெக்கார்டிங்க கேட்டு டைப் பண்ணியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். அரசு ஆபீஸ் எதுக்காவது பின்பக்கமா போயிருக்கீங்களா? அங்க ஒரு ரூம் இருக்கும், பூட்டியிருக்கும், ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா சிபியு, மானிட்டர், கீபோர்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி தூசி படிஞ்சு கெடக்கும். கேட்டா "கண்டம் பண்ணியாச்சு சார், ஏலம் விடணும்"பாங்க, அதாவது இனி உதவாதுன்னு கணக்குல இருந்து கழிச்சாச்சாம். ஏலம் வர்றதுக்குள்ள மழத்தண்ணி எறங்கி, எலி வயர கடிச்சு, நெஜமாவே கண்டமாயிடும். அதே ஊர்ல டிஎன்பிஎஸ்சிக்கு அப்ளிகேஷன் போட ஒரு பொண்ணு நெட் சென்டர்ல காசு குடுத்துக்கிட்டு நிக்கும். இத பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது.

சரி, அந்த மெஷினயெல்லாம் சரிபண்ணி பள்ளிக்கும் நூலகத்துக்கும் வெக்கலாமே, ஏன் குடுக்க மாட்டேங்குறாங்க? மனசில்லாம இல்லங்க. ஒரு அதிகாரி, ரொம்ப நல்ல மனுஷன், என்கிட்ட நேராவே சொன்னாரு: "தம்பி, குடுக்க எனக்கும் ஆசதான், ஆனா அந்த டிஸ்க்குல ஜனங்களோட ஆதார் நம்பரு, பட்டா வெவரம் எல்லாம் இருக்கு, நாளைக்கு வெளிய போச்சுன்னா கையெழுத்து போட்ட நான்தான பதில் சொல்லணும்". அவரு பயப்படுறது நியாயம். ஏன்னா டெலீட் பண்றது, சும்மா ஃபார்மட் போடுறது எல்லாம் அழிக்கிறது கெடையாது. நம்ம நூலகத்துல கேட்லாக் கார்ட கிழிச்சுட்டா புத்தகம் காணாம போயிடுமா, அலமாரியிலயேதான இருக்கும், அதே கததான்.

ஒழுங்கா அழிக்க வழி இருக்கு. அமெரிக்காவுல என்ஐஎஸ்டின்னு தரம் நிர்ணயிக்கிற ஒரு அரசு அமைப்பு, அவங்க 800-88ன்னு ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க, 2006ல முதல்ல வந்துச்சு. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்குன்னா முழுசா ஒரு தடவ மேல எழுதி, எழுதுனது சரியான்னு செக் பண்ணணும். எஸ்எஸ்டின்னா, அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கிற புது வகைன்னா, அது பத்தாது, அதுக்குள்ள நம்ம கண்ணுக்கு வராத உபரி எடம் இருக்கும், அதனால அந்த டிரைவுக்குன்னே இருக்குற அழிப்பு கமாண்ட குடுக்கணும். காந்தம் வெச்சு அழிச்சுடலாம்னு சில பேரு நெனைக்கிறாங்க, எஸ்எஸ்டிய காந்தம் ஒண்ணும் பண்ணாது. டிஸ்க்கே செத்துப் போயிருந்தா ஒடச்சுடணும், வேற வழியில்ல. இதெல்லாம் செஞ்சுட்டு டிஸ்க் சீரியல் நம்பர், தேதி, எந்த முறை, செஞ்சது யாருன்னு ஒரு தாள்ல எழுதி அந்த அதிகாரி ஃபைல்ல வெக்கணும். அந்த ஒரு தாள்தாங்க சாவி. அவரு நிம்மதியா கையெழுத்து போடுவாரு.

இத ஒரு நாடு பெரிய அளவுல செஞ்சு காட்டியிருக்கு. கனடாவுல 1993ல பள்ளிகளுக்கு கம்ப்யூட்டர்னு ஒரு திட்டம், மத்திய அரசும், டெலிபோன் கம்பெனிகள்ல வேல பாத்தவங்க, ரிடையர் ஆனவங்க சேந்த ஒரு தொண்டர் அமைப்பும் கைகோத்து ஆரம்பிச்சாங்க. மத்திய அரசு ஆபீஸ்ல உபரியாகுற கம்ப்யூட்டர மொதல்ல இந்தத் திட்டத்துக்குத்தான் காட்டணும், அதுதான் அங்க ஏற்பாடு. யாரோ ஒரு அதிகாரி மனசு வெச்சாத்தான் நடக்கும்னு விடல, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பள்ளிக்கூடம், நூலகம், பழங்குடி மக்களோட ஊருங்க, பின்னாடி வருமானம் கம்மியான குடும்பங்கன்னு மெஷின் போச்சு. ரிப்பேர் பண்றது இளைஞருங்க, சம்பளத்தோட, தொழில் கத்துக்கிட்டே. இதப் பாத்துத்தான் தென் அமெரிக்காவுல இருக்குற கொலம்பியாவுல 2000ல அதே மாதிரி தொடங்குனாங்க. குடுத்த மெஷினும் ஒரு நாள் சாகத்தான செய்யும், அத திரும்ப வாங்கி பிரிச்செடுக்கவும் அந்த நாட்டுத் தலைநகர் பொகோட்டாவுல ஒரு மையம் வெச்சாங்க.

வேலைன்னு பாத்தா பெரிய மந்திரம் ஒண்ணுமில்ல. தூசிய ஊதணும். போர்டுல நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, அது போயிருந்தா தேதி மாறிப்போயி ஒவ்வொரு தடவையும் மக்கர் பண்ணும், பல மெஷின "செத்துப்போச்சு"ன்னு தூக்கிப் போட்டதுக்கு காரணம் அந்த சின்ன பேட்டரிதான். பிராசசர் மேல காஞ்சு போன, சூட்ட கடத்துற பேஸ்ட்ட தொடச்சு புதுசு தடவணும், ரேம் (RAM) மெமரிய ராத்திரி பூரா டெஸ்ட்ல விடணும், ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டா பழைய மெஷின் பறக்கும், நம்பவே மாட்டீங்க. பத்து வந்தா ரெண்டு மூணு உதிரிக்குத்தான் ஆகும், ஆகட்டும், அதுல இருந்துதான் மத்தது பொழைக்கும்.

இப்ப ஏன் இத அவசரமா பேசுறேன்னா, 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்னுபோச்சு. விண்டோஸ் 11 இன்டெல்ல பொதுவா எட்டாவது தலைமுறைக்கு முந்துன சிப்ப ஏத்துக்காது, அப்ப 2016, 2017ல வாங்குன நல்ல மெஷினெல்லாம் கண்டம் லிஸ்ட்டுக்கு வரும். அதுல விண்டோஸுக்கு பதிலா இலவசமா கெடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டா தாராளமா ஓடும், தமிழ்99 கீபோர்டு முறையிலயே டைப் பண்ணலாம். மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கோட சென்னை மையத்துல உருவான பாஸ் லினக்ஸும் இருக்கு.

ஒரு தப்ப சொல்லணும். பழைய மெஷின சரிபண்ணி குடுக்குற எங்க குழு ஒண்ணு இருக்கு, நாங்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு மெஷின் குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துட்டோம். ஒரு வருஷம் கழிச்சு போனா பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல, துணி போத்தி வெச்சிருக்காங்க. அது அவங்க தப்பில்ல, நாங்க மறுபடி போகவேயில்ல. இப்ப பாத்துக்க ஒரு ஆளு பேரு சொன்னாத்தான் குடுக்குறோம், கூட ஒரு உபரி மெஷினும் வெக்கிறோம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ போறோம்.

சட்டத்துலயும் எடம் இருக்கு. 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்குற மின்கழிவு விதிகள்படி, பழச சரிபண்றவங்க மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ணணும். அதனால நம்மள மாதிரி சின்ன குழு, பதிவு பண்ணவங்க கூட சேந்துதான் போகணும், ஆர்வத்துல ஆட்டோவ வெச்சு அள்ளிட்டு வந்துடக் கூடாது.

நான் கேக்குறது இதான்: கண்டம் லிஸ்ட் போட்டவொடனே ஏலத்துக்கு முன்னாடி நூலகத்துக்கும் பள்ளிக்கும் ஒரு மாசம் டைம் குடுங்கன்னு கலெக்டருக்கு மனு எழுதியிருக்கோம், வாசல் மேசையில இருக்கு, படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க. பக்கத்துல ரெண்டு சிபியு தெறந்து வெச்சிருக்கேன், பசங்கள கூப்புடுங்க, ஸ்க்ரூடிரைவரும் இருக்கு.